இக்வா சட்டம் எதற்கு வந்தது? ஒரு லகோட்டாப் பெண்ணின் வாழ்க்கையை வைத்து ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் 1978-இல் ‘இந்தியக் குழந்தைகள் நலச் சட்டம்’ என்று ஒன்று வந்தது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அங்கே எல்லோரும் இக்வா என்றுதான் சொல்வார்கள். (இங்கே இந்தியர் என்றால் நாமில்லை, அந்த மண்ணின் பூர்வகுடிகள்.) சில வருடங்களுக்கு ஒருமுறை இதை வைத்து ஒரு வழக்கு கிளம்பும், உச்ச நீதிமன்றம் வரை போகும், குழந்தையைப் பிரிய மாட்டாமல் அழுகிற வளர்ப்புப் பெற்றோரை டிவியில் காட்டுவார்கள். தூரத்திலிருந்து பார்க்கிற நமக்கு ஒரே கேள்விதான் வரும்: நல்ல மனசுள்ள ஒரு குடும்பம் ஒரு குழந்தையை வளர்க்கத் தயாராக இருக்கும்போது நடுவில் சட்டத்துக்கு என்ன வேலை?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் சட்டப் பிரிவுகளை வரிசையாகப் படித்தால் பதில் கிடைக்காது, தூக்கம்தான் வரும். அதனால் வேறு வழியில் போகலாம். இந்தச் சட்டம் வருவதற்கு 58 வருடம் முன்பே இறந்துபோன ஒரு லகோட்டாப் பெண்ணின் வாழ்க்கையை முதலில் பார்ப்போம். அப்புறம் அந்த வாழ்க்கையின் மேல் இந்தச் சட்டத்தை வைத்து, எந்தெந்த இடத்தில் அது குறுக்கே நின்றிருக்கும் என்று பார்ப்போம். அந்தப் பெண்ணின் பெயர் ஜிண்ட்கலா நூனி, லகோட்டா மொழியில் தொலைந்த பறவை. வளர்ந்த வீட்டில் ஜிண்ட்கா.

நான்காம் நாள் கிடைத்த குழந்தை

சூ என்று வெள்ளையர்கள் மொத்தமாக அழைத்த மக்களில் மேற்குப் பக்கத்துப் பிரிவினர் லகோட்டாக்கள். ஓக்லாலா, சிச்சாங்கு, மினிகோஞ்சு, ஹங்க்பாப்பா என்று ஏழு கிளைகள். காட்டெருமையை நம்பி வாழ்ந்தவர்கள், எருமையை அழித்ததும் சோற்றுக்கு அரசாங்கத்தின் ரேஷனை எதிர்பார்க்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். நிலமும் அப்படித்தான், ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாகச் சுருங்கி, கடைசியில் ரிசர்வேஷன் என்று சில துண்டுகள் மிஞ்சின. 1890 டிசம்பர் 15-ஆம் தேதி சிட்டிங் புல் என்ற பெரிய தலைவரைக் கைது செய்யப் போய்ச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பயந்துபோன மினிகோஞ்சுக் கூட்டம் ஒன்று, ஸ்பாட்டட் எல்க் என்ற நோயாளித் தலைவரோடு, பைன் ரிட்ஜ் ரிசர்வேஷனை நோக்கிக் கிளம்பியது. வழியில் ராணுவம் மடக்கி, வூண்டட் நீ என்ற ஓடைக்கரையில் கூடாரம் போட வைத்தது.

டிசம்பர் 29 காலையில் ஆயுதங்களைப் பறிக்கும்போது ஒரு துப்பாக்கி வெடித்தது. மேட்டின் மேல் ஹாட்ச்கிஸ் பீரங்கிகளை ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் நடந்தது சண்டையே இல்லை, படுகொலை. செத்தவர்கள் குறைந்தது 150 பேர், சில கணக்குகளில் 300 வரை, அதில் ஏகப்பட்ட பெண்களும் குழந்தைகளும். பிறகு பனிப்புயல் வந்துவிட்டது. 1891 ஜனவரி 1-ஆம் தேதிதான் தேடும் ஆட்கள் அங்கே போக முடிந்தது. அந்தக் குழுவில் சார்லஸ் ஈஸ்ட்மன் என்ற மருத்துவரும் இருந்தார், அவரே சூ மக்களின் இன்னொரு பிரிவான டகோட்டாவைச் சேர்ந்தவர். உறைந்து கிடந்த ஒரு தாயின் உடலுக்கு அடியில் ஒரு கைக்குழந்தை உயிரோடு இருந்தது. தலையில் ஒரு குல்லா. அந்தக் குல்லாவில் மணி கோத்து அமெரிக்கக் கொடி வேலைப்பாடு செய்திருந்தது, யாரோ ஒரு பெண் உட்கார்ந்து பொறுமையாகக் கோத்தது. 146 உடல்களை ஒரே குழியில் போட்டுப் புதைத்தார்கள். அந்தத் தாய் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

லியனார்ட் கால்பி என்பவர் பக்கத்து நெப்ராஸ்கா மாநிலப் படையின் தளபதி. படுகொலைக்கு அப்புறம் அங்கே வந்து சேர்ந்தவர். இப்படி ஒரு குழந்தை பிழைத்திருப்பதைக் கேள்விப்பட்டு, எப்படியாவது அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். உறவுக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடும் அக்கறையெல்லாம் இல்லை. போர்க்களத்திலிருந்து கொண்டுவந்த ஒரு அபூர்வப் பொருளைப் போலத்தான் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினார். அதே ஜனவரியில் நெப்ராஸ்காவின் பியாட்ரிஸ் ஊரில் தத்துப் பத்திரமும் போட்டாயிற்று. வாஷிங்டனில் இருந்த மனைவியிடம்கூட முன்னதாகக் கேட்கவில்லை.

மனைவி கிளாரா பியூவிக் கால்பி சாதாரண ஆள் இல்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர், சூசன் ஆந்தனியோடு சேர்ந்து வேலை செய்தவர், ‘தி உமன்ஸ் ட்ரிப்யூன்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். குழந்தை வந்ததும் அதை அவர்தான் வளர்த்தார், உண்மையாகவே பாசத்தோடு வளர்த்தார். கணவர் கொஞ்ச காலத்திலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணோடு போய்விட்டார், 1906-இல் விவாகரத்தும் ஆனது. கிளாராவுக்குப் பத்திரிகையும் ஓடவில்லை, கையில் காசும் இல்லை, கூட்டம் கூட்டமாகப் பேசப் போக வேண்டியிருந்தது. ஜிண்ட்கா சொந்தக்காரர் வீடு, விடுதிப் பள்ளி, வேறு பள்ளி என்று இடம் மாறிக்கொண்டே இருந்தாள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அவள் செவ்விந்தியப் பெண். பதின்ம வயதில் தெற்கு டகோட்டாவுக்குத் தன் ஆட்களைத் தேடிப் போனபோது, அங்கே அவளுக்கு மொழியும் தெரியவில்லை, எப்படி உட்கார்வது, யாரிடம் எப்படிப் பேசுவது என்ற நடைமுறையும் தெரியவில்லை. அங்கும் ஒட்டவில்லை.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், விவரித்துச் சொல்ல ஒன்றும் சந்தோஷமான விஷயங்கள் இல்லை. பதினேழு வயதில் கர்ப்பம். வளர்ப்புத் தந்தை அவளை நெப்ராஸ்காவில் மில்ஃபோர்டு என்ற ஊரில் இருந்த, கல்யாணமாகாத தாய்மார்களை அடைத்து வைக்கும் இல்லத்தில் சேர்த்தார். குழந்தை இறந்தே பிறந்தது. அப்புறம் ஒரு கல்யாணம், அந்தக் கணவன் மூலம் வந்த சிஃபிலிஸ் நோய் அவளை ஆயுள் முழுக்கத் தின்றது. பஃபலோ பில் என்பவர் ஊர் ஊராக நடத்திய வைல்ட் வெஸ்ட் காட்சியில் வேலை, ஊமைப் படங்களில் சின்னச் சின்ன வேஷம், மேடை நிகழ்ச்சிகள். இரண்டு பிள்ளைகளில் ஒன்று இறந்துவிட்டது. இன்னொன்றைத் தன்னால் வளர்க்க முடியாது என்று ஒரு பூர்வகுடிப் பெண்ணிடம் கொடுத்தாள். 1916-இல் கிளாராவும் போய்ச் சேர்ந்தார். 1920 பிப்ரவரி 14, கலிஃபோர்னியாவில் ஹான்ஃபோர்டு என்ற ஊரில், ஃப்ளூ கொள்ளைநோய்க் காலத்தில், ஜிண்ட்கா இறந்தபோது வயது 29.

இந்தக் கதையைக் கேட்கிற பலரும் ‘ஐயோ, அந்தக் கால்பி எவ்வளவு மோசமானவன், கிளாரா எவ்வளவு நல்லவர்’ என்று பேச ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் பெரிய ஆர்வம் இல்லை. கிளாரா நல்லவராக இருந்தும்தானே இவ்வளவும் நடந்தது? கால்பியும் ஒரு தங்கமான மனிதராக இருந்திருந்தால், ஜிண்ட்கா கொஞ்சம் வசதியாக வாழ்ந்திருப்பாள், அவ்வளவுதான். தெற்கு டகோட்டாவுக்குப் போய் நின்றபோது அவளை யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது. வளர்ப்பவர் நல்லவரா என்பது ஒரு கேள்வி. அந்தக் குழந்தையை எடுத்துப்போகும் முன் அதன் ஆட்களிடம் யாராவது கேட்டார்களா என்பது வேறு கேள்வி. இக்வா சட்டம் முழுக்க அந்த இரண்டாவது கேள்வியின் மேல்தான் கட்டியிருக்கிறது.

ஒரு ஜிண்ட்கா இல்லை, பல ஆயிரம்

அவள் கதை விசித்திரமான ஒரு விதிவிலக்கு என்றால் அதற்கு ஒரு சட்டமே தேவைப்பட்டிருக்காது. 1879-இல் ரிச்சர்டு பிராட் என்ற ராணுவ அதிகாரி பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளியைத் திறந்தார். முதலில் கொண்டுபோன பிள்ளைகளே பைன் ரிட்ஜ், ரோஸ்பட் பகுதி லகோட்டாக்கள்தான். முடியை வெட்டி, பெயரை மாற்றி, சொந்த மொழி பேசினால் அடித்து, பிள்ளைக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன கொள்கை. அது போல 417 பள்ளிகள் அரசு ஆதரவோடு நடந்தன என்று உள்துறை அமைச்சகத்தின் 2024 அறிக்கை சொல்கிறது, அங்கே இறந்த பிள்ளைகளாக 973 பேரை அந்த அறிக்கை உறுதி செய்தது. அந்த வருடம் அக்டோபரில்தான் ஜனாதிபதி பைடன் அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

விடுதிப் பள்ளிகளுக்குச் செலவு அதிகம். நேரடியாகக் குடும்பங்களில் சேர்த்துவிட்டால் அரசுக்குச் செலவு குறைவு, பிள்ளையும் இன்னும் முழுசாகக் கரைந்துவிடும். 1958 முதல் 1967 வரை அரசின் பூர்வகுடி விவகாரத் துறையும் அமெரிக்கக் குழந்தை நல லீகும் சேர்ந்து ‘இந்தியத் தத்துத் திட்டம்’ என்றே ஒன்றை நடத்தின. மேற்கு மாநிலங்களிலிருந்து 395 பிள்ளைகளை எடுத்துக் கிழக்குப் பக்கத்து வெள்ளைக் குடும்பங்களில் சேர்த்தார்கள். எண்ணிக்கை சின்னதாகத் தெரியலாம். ஆனால் அதைப் பார்த்து மாநில அலுவலகங்கள், சர்ச்சுகள், தனியார் ஏஜென்சிகள் எல்லாம் அதே வழியில் இறங்கின. 1969-லும் 1974-லும் அமெரிக்க இந்தியர் விவகாரச் சங்கம் எடுத்த கணக்கில், பூர்வகுடிப் பிள்ளைகளில் 25 முதல் 35 சதவீதம் பேர் வீட்டைவிட்டுப் பிரிந்து ஃபாஸ்டர் வீட்டிலோ தத்து வீட்டிலோ நிறுவனத்திலோ இருந்தார்கள். மூன்றில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு டகோட்டாவில் மற்ற பிள்ளைகளைவிட ஏறக்குறைய 16 மடங்கு விகிதத்தில் இவர்கள் ஃபாஸ்டர் வீடுகளுக்குப் போனார்கள்.

(தத்து, ஃபாஸ்டர் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபாஸ்டர் என்பது அரசு பொறுப்பெடுத்து, பணம் கொடுத்து, ஒரு வீட்டில் தற்காலிகமாக வைப்பது. பெற்றோருக்கு உரிமை இன்னும் சட்டப்படி இருக்கும். தத்து என்றால் அந்த உரிமையை வெட்டிவிட்டு நிரந்தரமாக மாற்றிக் கொடுப்பது. நடைமுறையில் முதலாவது இரண்டாவதற்கு வாசலாகிவிடுவது சகஜம்.)

ஏன் எடுத்தார்கள்? அடி உதை, வன்முறை என்று எடுத்தது சிறுபான்மை. பெரும்பாலும் ‘புறக்கணிப்பு’ என்ற ஒரே காரணம்தான் ஃபைலில் இருக்கும். குழாய்த் தண்ணீர் இல்லை, ஒரு அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள், அம்மா பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்கு வெளியூர் போய்விட்டாள். முதல் இரண்டும் வறுமை. மூன்றாவது, அவர்கள் குடும்பம் இயங்கும் விதமே அதுதான். லகோட்டாக்களுக்கு அம்மாவின் அக்கா தங்கையும் அம்மாதான், அப்பாவின் அண்ணன் தம்பியும் அப்பாதான், தாய்மாமனும் அத்தையும் தனி. நமக்கு இதை விளக்கவே வேண்டாம், பெரியம்மா சித்தப்பா என்று நாமும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். இது தற்செயலாக நான் சொல்வது இல்லை. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1871-இலேயே, அங்குள்ள செனெக்கா மக்களின் உறவுமுறையையும் தமிழ் உறவுமுறையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அசந்துபோனார். (இரண்டு மக்களும் ஒரே வம்சம் என்று அவர் அதிலிருந்து முடிவு கட்டியது தப்பு. ஆனால் ஒற்றுமை நிஜம்.) நம் ஊரில் ஒரு பிள்ளை மூன்று மாதம் பெரியம்மா வீட்டில் இருந்தால் யாரும் போலீசைக் கூப்பிட மாட்டார்கள். அங்கே அதையே ‘பெற்றோர் கைவிட்டுவிட்டார்கள்’ என்று எழுதி நீதிமன்றத்தில் வைத்தார்கள். ஒரு பூர்வகுடிக் குழந்தைக்குப் பொறுப்பான நெருங்கிய உறவு என்று நூறு பேருக்கு மேல்கூட இருக்கலாம் என்று 1978-இல் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையே எழுத வேண்டியிருந்தது, நகரத்துச் சமூகப் பணியாளர்களுக்குப் புரிவதற்காக.

1974-இல் செனட்டில் விசாரணை நடந்தது. அதை முன்னால் நின்று நடத்தியவர் ஜேம்ஸ் அபூரெஸ்க், தெற்கு டகோட்டா செனட்டர், லெபனான் குடியேறிகளின் மகன், பிறந்தது ரோஸ்பட் ரிசர்வேஷன் பகுதியில். தாய்மார்கள் வரிசையாக வந்து தங்கள் பிள்ளைகள் எப்படிப் போனார்கள் என்று சாட்சி சொன்னார்கள். நான்கு வருடம் இழுத்து, 1978 நவம்பர் 8-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

ஜிண்ட்காவின் கதைக்கு மேல் வைத்துப் பார்ப்போம் என்று சொன்னேன் இல்லையா. முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும்: பனியில் கிடந்த குழந்தையைத் தூக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் யாரையும் கேட்காமல் அவசரமாக எடுக்கலாம், அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் ஆபத்து நீங்கிய உடனே அந்த அவசர நடவடிக்கை முடிந்தாக வேண்டும். அவசரத்தைச் சாக்காக வைத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது, எந்த நீதிமன்றம். ரிசர்வேஷனில் குடியிருக்கும் குழந்தை பற்றிய வழக்கைப் பொதுவாக அந்தப் பழங்குடியின் சொந்த நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கலாம். (ஆம், அவர்களுக்குச் சொந்தமாக நீதிமன்றங்கள் உண்டு, அரசும் உண்டு.) கால்பி போல மாநில எல்லையைத் தாண்டிப் போய் வேறு ஊரில் பத்திரம் போட்டாலும் செல்லாது. இதைச் சோதித்துப் பார்த்த ஒரு வழக்கே இருக்கிறது. மிசிசிப்பியில் சாக்டா என்ற பழங்குடியைச் சேர்ந்த பெற்றோர் இருவர், ரிசர்வேஷனிலிருந்து சுமார் 200 மைல் தள்ளிப் போய் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, அங்கேயே தத்துக் கொடுத்தார்கள். குழந்தைகள் ரிசர்வேஷனில் கால்கூட வைக்கவில்லை. இருந்தாலும் தாயின் இருப்பிடம்தான் குழந்தையின் இருப்பிடம், அதனால் வழக்கு பழங்குடி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெற்றோரே விரும்பிக் கொடுத்த வழக்கு அது என்பதைக் கவனியுங்கள். குழந்தை பெற்றோருக்கு மட்டும் சொந்தமில்லை, அந்த மக்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படை. நம்மில் சிலருக்கு இது உறுத்தலாம். எனக்கும் முதலில் கொஞ்சம் இடித்தது, ஆனால் மூன்றில் ஒரு பிள்ளை காணாமல் போன ஒரு சமூகம் வேறு எப்படிப் பேசும்?

குழந்தை ரிசர்வேஷனுக்கு வெளியே இருந்தால் மாநில நீதிமன்றம் விசாரிக்கலாம், ஆனால் பெற்றோருக்கும் பழங்குடிக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போக வேண்டும், அது கிடைத்துக் குறைந்தது பத்து நாள் கழித்துத்தான் விசாரணை. வழக்கைத் தன் நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்லிப் பழங்குடி கேட்கலாம், இல்லாவிட்டால் மாநில வழக்கிலேயே ஒரு தரப்பாக உள்ளே வரலாம். ஜிண்ட்காவின் விஷயத்தில் இந்த ஒன்று நடந்திருந்தாலே போதும். படுகொலையில் பிழைத்தவர்கள் பைன் ரிட்ஜ் சர்ச்சில், கிறிஸ்துமஸ் தோரணத்துக்குக் கீழே வைக்கோலில் கிடந்தார்கள், அவர்களுக்கு ஈஸ்ட்மன் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாயைத் தெரிந்த ஒருத்தியாவது அங்கே இருந்திருக்க மாட்டாளா? அந்தக் கூட்டம் கிளம்பிய ஷயென் ரிவர் பகுதியில் இன்னும் எத்தனையோ மினிகோஞ்சுக் குடும்பங்கள் இருந்தன.

அப்புறம், குழந்தை யாரிடம் போக வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை. தத்து என்றால் முதலில் சொந்த உறவுகள், அடுத்து அதே பழங்குடியின் மற்ற குடும்பங்கள், அதற்கும் அடுத்து வேறு பூர்வகுடிக் குடும்பங்கள். இந்த வரிசை கல்லில் செதுக்கியது அல்ல, தக்க காரணம் காட்டினால் நீதிபதி மாற்றலாம், பழங்குடி தன் விருப்பப்படி வேறு வரிசையும் வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக் குடும்பம் பூர்வகுடிக் குழந்தையை வளர்க்கவே முடியாது என்று சிலர் எழுதுவது சுத்தத் தப்பு. இன்றைக்கும் எத்தனையோ பேர் வளர்க்கிறார்கள்.

பிரிப்பதற்கு முன் குடும்பத்தைச் சேர்த்து வைக்க அதிகாரிகள் ‘முனைப்பான முயற்சி’ எடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டும். ஒரு துண்டுச்சீட்டில் கவுன்சலிங் மையத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தால் போதாது, கூட்டிக்கொண்டு போய் உதவ வேண்டும். பெற்றோரின் உரிமையை நிரந்தரமாக வெட்டுவதற்கு, கொலை வழக்கில் தண்டனை கொடுக்கக் கேட்கும் அதே அளவு, சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும், தகுதியான சாட்சியும் வேண்டும். தாயே விருப்பப்பட்டுக் கொடுத்தாலும் குழந்தை பிறந்து பத்து நாளுக்குள் வாங்கிய சம்மதம் செல்லாது, நீதிபதி முன்னால், அவருக்குப் புரிகிற மொழியில் விளக்கிய பிறகுதான் கையெழுத்து. பிரசவ அறையிலேயே பேப்பரை நீட்டிக் கையெழுத்து வாங்கிய கதைகள் அவ்வளவு இருந்தன.

விவாகரத்தில் அப்பாவா அம்மாவா என்று வரும் வழக்குக்கு இக்வா பொருந்தாது. அதே போல, ‘என் கொள்ளுப்பாட்டி செரோக்கி’ என்று சொல்லிக்கொள்பவர்களின் பிள்ளைகளுக்கெல்லாமும் பொருந்தாது. குழந்தை ஒரு பழங்குடியின் உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது உறுப்பினராகத் தகுதி இருந்து, பெற்றோரில் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும். எதிர்ப்பவர்களின் பெரிய வாதமே இதில்தான் அடிபடுகிறது. இது இனத்தைப் பார்த்து வேறுபடுத்தும் சட்டம் என்கிறார்கள் அவர்கள். ஆதரிப்பவர்களோ, பழங்குடி என்பது ஒரு அரசு, அதில் உறுப்பினராக இருப்பது குடியுரிமை மாதிரி, தோல் நிறத்தைப் பற்றிய பேச்சே இல்லை என்கிறார்கள். 2023 ஜூனில் ஹாலண்ட் எதிர் பிரகீன் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று சட்டத்தைக் காப்பாற்றியது. தீர்ப்பை எழுதியவர் ஏமி கோனி பாரெட், அவரே தத்தெடுத்துப் பிள்ளை வளர்ப்பவர், பழமைவாதி என்று பெயரெடுத்தவர். ஆனால் இன வேறுபாடு என்ற அந்தக் கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவில்லை, வழக்குப் போட்டவர்களுக்கு அதைக் கேட்கும் தகுதி இல்லை என்று தள்ளி வைத்துவிட்டது. அதனால் அது மறுபடி வரும்.

சட்டம் காகிதத்தில் இருப்பது ஒன்று, நடப்பது இன்னொன்று. தெற்கு டகோட்டாவில் பூர்வகுடிப் பிள்ளைகள் மொத்தப் பிள்ளைகளில் சிறுபான்மைதான், ஃபாஸ்டர் வீடுகளிலோ பாதிக்கும் மேல் அவர்கள்தான். அங்கே ராபிட் சிட்டி இருக்கும் பென்னிங்டன் கவுண்டியில், குழந்தையை எடுத்து 48 மணி நேரத்துக்குள் நடக்கும் விசாரணைகள் சில ஒரே நிமிடத்தில் முடிந்தன. பெற்றோரைப் பேசவே விடவில்லை, புகாரின் நகலைக்கூடக் கொடுக்கவில்லை. ஓக்லாலா, ரோஸ்பட் பழங்குடிகளும் சில பெற்றோரும் 2013-இல் வழக்குப் போட்டார்கள், 2015-இல் கூட்டாட்சி நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார், 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நடந்தது சரி என்று அது சொல்லவில்லை. மாநில நீதிமன்ற விஷயத்தில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று மட்டும் சொன்னது. இக்வாவின் பெரிய ஓட்டை இதுதான்: மாநிலங்கள் அதைப் பின்பற்றுகின்றனவா என்று பார்க்க ஒரு மத்திய அமைப்பே கிடையாது. அதனால்தான் மின்னசோட்டா, ஆக்லஹோமா மாதிரி பல மாநிலங்கள் சொந்தமாக ஒரு இக்வா வைத்திருக்கின்றன. கால்பி பத்திரம் போட்ட அந்த நெப்ராஸ்காவிலும் உண்டு. தெற்கு டகோட்டாவில் 2023-இல் அப்படி ஒன்று கொண்டுவரப் பார்த்தார்கள், சட்டமன்றத்தில் தோற்றுவிட்டது.

திரும்பி வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதிகம் பேர் கவனிக்காத பகுதி அது. 1991-இல் லகோட்டாக்கள் கலிஃபோர்னியா போய் ஜிண்ட்காவின் எலும்புகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்து வூண்டட் நீயில், அந்தப் பெரிய குழிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அவள் பெயரிலேயே ஒரு சங்கமும் அப்போது உருவானது, வெளியே தத்துப்போன பூர்வகுடிகள் தங்கள் வேரைத் தேட உதவுவதற்கு. உயிரோடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். சாண்டி ஒயிட் ஹாக் என்ற சிச்சாங்கு லகோட்டாப் பெண்ணை ரோஸ்பட்டிலிருந்து ஒன்றரை வயதில் ஒரு வெள்ளை மிஷனரித் தம்பதி எடுத்துப் போனார்கள். முப்பது வயதுக்கு மேல்தான் அவர் ஊர் திரும்பினார். அப்புறம் அவரே ஒரு நிறுவனம் தொடங்கி, தன்னைப் போலத் தத்துப்போனவர்களும் ஃபாஸ்டர் வீடுகளில் வளர்ந்தவர்களும் ஊர் திரும்பும்போது, கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, பாட்டும் முரசுமாக வரவேற்கும் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்.

இக்வாவிலும் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. தத்துப்போன ஒருவர் 18 வயது ஆனதும், தத்தை உறுதி செய்த நீதிமன்றத்துக்கு எழுதி, தன் பெற்றோர் எந்தப் பழங்குடி என்று கேட்கலாம், நீதிமன்றம் சொல்லியாக வேண்டும். தாய் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால்கூட, பெயரைச் சொல்லாமலே ‘இவர் உங்கள் உறுப்பினராகத் தகுதி உள்ளவர்’ என்று உள்துறை அமைச்சகம் அந்தப் பழங்குடிக்குச் சான்று கொடுக்க முடியும். அதை வைத்துப் பெயர் பதிந்துகொள்ளலாம், ஓட்டுப் போடலாம், நிலத்தில் உரிமை கேட்கலாம். ஆனால் அமைச்சகத்தில் இந்த விவரங்களைச் சேர்த்து வைக்கும் கடமை 1978-க்குப் பிறகான தத்துகளுக்குத்தான். அதற்கு முன்னால் போனவர்களுக்குப் பல மாநிலங்களில் பிறப்புச் சான்றிதழே முத்திரையிட்டுப் பூட்டிக் கிடக்கிறது. ஒவ்வொருவரும் நீதிமன்றத்தில் தனித்தனியாக மனுப்போட்டு, அதைத் திறக்க நல்ல காரணம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும்.